ரோஸ்வித்தாவின் துப்பாக்கி

ஆறரைக்கு எழுந்தேன். காபி போட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன். பிறகு, போன மாதம் இறந்த என் மனைவி ரோஸ்வித்தாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிராட்ஸ் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்குப் போனேன்.

நான் அதை வைத்துச் சுடுவது அதுதான் முதல்முறை. குட்டையானாலும் தோளில் உறுதியாக நின்றது, உதைப்பும் குறைவு. ஆனால் தோட்டா வெடிக்கும் இடம் விசைக்குப் பின்னால், கன்னத்தை ஒட்டி இருக்கிறது. அவள் இடக்கைக்காரி. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு இடப்பக்கம் தெறிக்கும்படி மாற்றி வைத்திருந்தாள். வலக்கைக்காரனான என் கன்னத்தில் அது சுடச்சுட அறைந்தது.

கிளப் தலைவர் ஹூமர் சிரித்தார். "என்னப்பா கெர்னோட், பொண்டாட்டி இன்னும் அடிக்கிறாளா? இது உனக்குச் சரிப்படாது. கிளப்புக்குக் குடுத்துடு. அவ கடைசியா சொன்னதும் அதானாமே."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

"இது யாருக்கும் கிடையாது. அவ உயிர் போறப்ப அந்த ரூம்ல இருந்தது நான் ஒருத்தன்தான். அவ கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'கால் சில்லுனு இருக்கு, சாக்ஸைப் போட்டு விடு.'"