மொழிபெயர்ப்பாளரின் இடது காது

காது டாக்டர்கள் நூறு பேருக்கு மேல் கூடியிருந்த மண்டபத்தில் என் காதைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டத்தின் முதல் நாள் காலை, எங்கள் உப்பளம் பகுதி வீட்டில் கண்விழித்தபோதே இடது காது அடைத்துக் கிடந்தது. உள்ளே ஓயாத இரைச்சல், குக்கர் ஆவி விடுவதுபோல. அழுக்குதான் அடைத்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் லூர்துபிரகாஷ் நல்லெண்ணெயைச் சூடாக்கி விட்டார். எண்ணெய் கழுத்தில் வழிந்ததுதான் மிச்சம். புடவையை மாற்றிக்கொண்டு ஓடினேன். காது கேளாமையைத் தடுப்பது பற்றி இந்திய, பிரெஞ்சு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக் கூட்டம், இரண்டு நாள். நான் பிரெஞ்சையும் தமிழையும் மொழிபெயர்க்கிறவள். தாமதமாகப் போக முடியாது.

மண்டபத்தின் பின்னால் எங்களுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நானும் பிரான்சுவா முசியேவும். அவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். அரைமணிக்கு ஒருவராக மாறி மாறிப் பேசுவோம். மேடையில் இருப்பவர் என்ன சொல்கிறாரோ அதை அவரே சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக் கதை ஒரு சொல்கூட மைக்கில் போகக்கூடாது. பதினைந்து வருடமாக நான் இதை மீறியதில்லை.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். பேச்சாளருக்கு இடது, என் குரலுக்கு வலது என்று வைத்திருந்தேன். இடது செத்துவிட்டதால் ஹெட்போனை வலதுக்கு மாற்றினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னா செல்வி, இப்பிடிக் கத்துற? கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது," என்றார் முசியே.

"ஏசி சத்தம் முசியே," என்று புளுகினேன்.

உண்மையைச் சொன்னால் வீட்டுக்குத் துரத்திவிடுவார். இரண்டாம் நாள் மதியக் கூட்டத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை. பழைய மில் தொழிலாளர்கள் வருகிறார்கள். தறிச் சத்தத்தில் காதைக் கொடுத்தவர்கள். அவர்களுக்குத் தமிழில் கேட்க ஏற்பாடு வேண்டும் என்று சண்டை போட்டவளே நான்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. காது போன மொழிபெயர்ப்பாளர் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? எனக்குத் தெரிந்த பிழைப்பு இது ஒன்றுதான்.

இருந்தும் தேநீர் இடைவேளையில் ஒரு டாக்டரைப் பிடித்தேன். "டாக்டர், ஒரு நிமிஷம். என் காது..."

"ஹெட்போன் எல்லாம் நல்லாத்தாம்மா வேல செய்யுது," என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டோடு நகர்ந்துவிட்டார். அவர் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

இரண்டாம் நாள் காலை, செவிலியர்களுக்கான வகுப்பு. லியோனிலிருந்து வந்திருந்த டாக்டர் மதாம் கிளேர் ஒரு இசைக்கவையைத் தட்டிக் காட்டினார். அதிர்கிற கவையின் காம்பை நெற்றி நடுவில் வைக்க வேண்டுமாம். அழுக்கு அடைத்த காது என்றால் சத்தம் அந்தக் காதிலேயே கேட்கும். நரம்பு போயிருந்தால் நல்ல காதில்தான் கேட்கும். கவை இல்லாவிட்டால் வாயை மூடி முனகிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். இதையெல்லாம் தமிழில் சொன்னது என் வாய்தான்.

சாப்பாட்டு வேளையில் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு முனகினேன். வலது. மூக்கைப் பிடித்து ஊதிவிட்டு மறுபடி முனகினேன். வலதுதான். தலையைச் சாய்த்தேன், குதித்துப் பார்த்தேன். இடதிலும் கொஞ்சம் கேட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிக்கட்டில் முனகினேன், சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றும் முனகினேன்.

"பாட்டு பலமா இருக்குதே," என்றார் முசியே. அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம்போல இருந்தது.

மதியம் மண்டபம் நிறைந்திருந்தது. மில்லில் நூல் சுற்றின தையல்நாயகி அம்மாள், ஹெட்போனை வாங்கும்போதே வாசல் அதிரப் பேரைச் சொன்னவர், முன்வரிசையில் இருந்தார். மதாம் கிளேர் பேச, நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஒரு நாள் காலையில் எழுந்தால் ஒரு காது கேட்கவில்லை. அழுக்கு என்று நினைத்துவிட்டாள். வேலை இருந்தது. பல வாரம் கழித்துத்தான் வந்தாள். மருந்து கொடுத்தேன், பலனில்லை. திடீரென்று காது போனால் அது அவசரம். உடனே வந்தால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்."

மதாம் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். முசியே பக்கம் திரும்பினேன்.

"எனக்கும் நேத்து காலைலேர்ந்து இப்பிடித்தான் இருக்குது. இடது காது சுத்தமாப் போச்சு. பயமா இருக்குது."

மைக்கை நிறுத்தும் பொத்தானை நான் அழுத்தவில்லை. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மேடையைத்தான் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் என் குரலில் பேசியது மதாம்தானே. இதையும் அவரே சொன்னதாக நினைத்து "ஐயோ பாவம்" என்றார்கள். தையல்நாயகி அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏன் டாக்டரம்மா, ஒனக்கே காது பூட்டுச்சுன்ற. அப்புறம் இன்னாத்துக்கு இங்க நின்னு எங்களுக்குச் சொல்லினு இருக்க? நாங்க எங்கயும் ஓடிப் போவ மாட்டோம். மொதல்ல நீ போயி ஊசி போட்டுக்க!"

சிலர் கைதட்டினார்கள். ஒன்றும் புரியாமல் மதாம் கூண்டைப் பார்த்தார். அந்த வசவை நான்தான் பிரெஞ்சில் சொல்லியாக வேண்டும். சொன்னேன், ஓடிப் போக மாட்டோம் என்பது வரைக்கும். அவர் தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என் காதுகள் நன்றாகத்தானே இருக்கின்றன. யார் சொன்னது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அதைத் தமிழாக்க வாயைத் திறந்தேன். அதற்குள் முசியே மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"டாக்டருக்கு இல்லீங்க. இங்க கூண்டுக்குள்ள நம்ம செல்விக்கு."

இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டார். அத்தனை தலையும் பின்னால் திரும்பியது. மதாம் மேடையை விட்டு இறங்கி, கவையோடு நடைபாதையில் வேகமாக வந்து கூண்டுக் கதவைத் திறந்தார். என் ஹெட்போனைக் கழற்றி மைக் பக்கத்தில் வைத்தார். கவையை முழங்கையில் தட்டி என் நெற்றியில் வைத்தார். சில்லென்று இருந்தது. இடதில் கேட்கட்டும் மாதாவே, அழுக்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"வலது," என்றேன்.

அவர் தணிந்த குரலில் பிரெஞ்சில் பேசினார். மைக் திறந்தே இருந்தது. பழக்கதோஷம், என் வாய் தானாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தது. "இது அழுக்கு இல்லை, நரம்பு. இன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். திரும்ப வரும் என்று இப்போது உறுதி சொல்ல..."

"இன்னும் ஒக்காந்து சொல்லினு இருக்கியே!" முன்வரிசையிலிருந்து தையல்நாயகி அம்மாள் கத்தினார். "எழுந்து போம்மா!"

எழுந்தேன். அழுகையாக வந்தது. முசியே என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்தார். மதாம் என் கையைப் பிடித்து வாசலுக்கு நடத்திப் போனார். முசியேவின் குரல் பின்னாலிருந்து வந்திருக்க வேண்டும். எனக்கு அது வலது பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது.