தூக்கிய கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கற்களை உதைத்தவன் நான்தான். இந்தக் கதை பிறந்தது என் மூளையில் அல்ல, என் வலது காலில்.

யூதர்கள் வந்து குடியேறும் நாட்டில், பாலைவன ஓரத்தில் ஒரு சிறு ஊர். எங்கள் குடியிருப்புக்கு நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படித்திருப்பத்தில் யாரோ முட்டை அளவுக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பாய். நான் காயப்போட்ட சட்டையை எடுக்க ஏறிக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை பாக்கி. கொலைகாரன் யாரென்று எனக்கே தெரியாத எரிச்சல். ஒரே உதை. கற்கள் மாடி மாடியாக உருண்டு இறங்கின.

பாயிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அஸ்னாக்கு. எத்தியோப்பியாவிலிருந்து வந்து எட்டு மாதம். அவள் கத்தவில்லை. கற்கள் போன பிறகும், வட்டம் அங்கேயே இருப்பதுபோல அதைத் தாண்டாமல் நின்றாள்.

கத்தியது முதல் மாடி ஸோஹ்ரா. மொராக்கோக்காரி. கற்களை மடியில் அள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்து என் காலடியில் கொட்டினாள்.

"அடுக்குங்க எழுத்தாளரே! மாசத்துல அந்த நாள் வந்தா அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள காலு வைக்காது, இந்தக் கல்லயும் தாண்டாது. ஏழு நாள். அவங்க ஊர்ல அதுக்குத் தனிக் குடிசை. இங்க குடிசையா கட்டிக் குடுத்தாங்க? நாலாவது மாடியக் குடுத்தாங்க!"

"எனக்குத் தெரியாதுங்க…"

"நான் இந்த நாட்டுக்கு வந்து கப்பல்லேர்ந்து எறங்குனப்போ எங்க தலையில பூச்சி மருந்து அடிச்சானே, அவனும் இதத்தான் சொன்னான்."

அடுக்கினேன். வட்டம் கோணலாகத்தான் வந்தது.

2

தொடக்கங்கள்.

'விமானத்திலிருந்து இறங்கிய அஸ்னாக்கு, மூதாதையர் மண்ணை முத்தமிட்டு…' (அடித்துவிட்டேன். அவள் மண்டியிடவே இல்லை. இன்னொருத்தி எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.)

'இரண்டாயிரம் ஆண்டு ஏக்கம் அன்று…' (இதை ஆசிரியருக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்தேன்.)

சரி. திருமண அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன்.

3

அஸ்னாக்குவுக்கும் பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் கெடாமுவுக்கும் கல்யாணம். பதிவு செய்யச் சாட்சி வேண்டும். "நான் வரேன்னேன், பொம்பளை சாட்சி செல்லாதுன்னுட்டான்" என்று ஸோஹ்ரா என்னைத் தள்ளிவிட்டாள். உதைத்ததற்குப் பரிகாரம்.

அதிகாரி நஃப்தாலி. இந்த நாட்டில் கல்யாணப் பதிவு மதச் சட்டப்படிதான். (முதல் பிரதியில் அவருக்குத் தொந்தியும் குரூரச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். மனிதர் தங்கமாகப் பேசினார். நாங்கள் கேட்காமலே தண்ணீர் கொடுத்தார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.)

"ஒரே ஒரு சின்ன விஷயம்மா. உங்க ஜனங்க ரொம்ப காலம் தனியா இருந்துட்டீங்க. யூதர்தானான்னு ஒரு சின்ன சந்தேகம். சடங்குக் குளத்துல ஒரு முழுக்கு. சந்தேகம் தீந்துடும்."

நானும் யூதன்தான், என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கடைசியாக ஜெபம் செய்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. என் வெள்ளைத் தோல் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

"நீங்கதான் மாசாமாசம் முழுகறீங்களே," என்றார் நஃப்தாலி. "இது இன்னொண்ணு. அவ்வளவுதானே?"

"அது என் உடம்புக்கு ஐயா," என்றாள் அஸ்னாக்கு. "நீங்க சொல்ற முழுக்கு எங்க அக்காவுக்கு."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

4

வாசலில் கெடாமு வெடித்தான். "அஞ்சு நிமிஷம்! முழுகிட்டு வந்து தலைய துவட்டிக்க. நமக்குக் கல்யாணம் வேணுமா வேணாமா?"

"நீ போய் முழுகு. ரெண்டு தடவை முழுகு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு உங்கப்பாவுக்கு. அவரும் சந்தேகம்தானே?"

(கெடாமுவைக் கோழையாக்கிவிடலாமா என்று யோசித்தேன். தொடர்கதையில் விலைபோகும். ஆனால் அவன் அலுத்துப்போனவன், கோழை அல்ல.)

அப்போதுதான், நடைபாதையில் நின்றபடியே, அவள் சொன்னாள்.

இங்கே வர விமானம் ஏறுவதற்காகச் சூடானுக்கு நடந்த வழியில் அக்கா மாமித்துக்கு அந்த நாள் வந்தது. கூட்டம் ஓரிடத்தில் தங்கும்போதெல்லாம் ஐம்பதடி தள்ளிக் கற்களை அடுக்கி, உள்ளே படுத்துக்கொள்வாள். 'கொள்ளைக்காரங்க திரியறாங்க, கூட்டத்துக்குள்ள வந்து படுடி' என்று அம்மா அழுதாள். மாமித் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அஸ்னாக்கு தண்ணீர் கொண்டுபோனாள். கற்கள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட நகரவில்லை. உள்ளே அக்கா இல்லை.

"நான் முழுகினா, அவ யாரோ எவளோன்னு கையெழுத்துப் போட்டதா ஆயிடும். வேதச் சட்டத்தக் காப்பாத்தி எங்க அக்கா போனா. அவளப் பாத்தா சந்தேகம்?"

கெடாமு, "கல்லெல்லாம் எங்க வச்சிருக்க?" என்றான்.

5

இந்த இடத்தில் எழுதிக் கிழித்த முடிவுகள்:

அவள் முழுகுகிறாள், கல்யாணத்தில் எல்லோரும் ஆடுகிறார்கள். (கண்ணீர் மல்கக் கடிதங்கள் வந்திருக்கும். கிழித்தேன்.)

மாமித் உயிரோடு திரும்பி வருகிறாள். (இதை எழுதும்போது கை கூசியது. வரவில்லை. எட்டு மாதமாக வரவில்லை.)

நஃப்தாலி மனம் மாறி… (மனம் மாறும் அதிகாரிகளை நிறைய எழுதிச் சம்பாதித்திருக்கிறேன். போதும்.)

6

மறுநாள் நடந்தது இது.

அஸ்னாக்கு கையில் ஒரு பை, கெடாமு கையில் ஒரு பை. நஃப்தாலியின் அறைக்குள் நுழைந்தவள் மண்டியிட்டாள், இந்த நாட்டில் முதல் தடவையாக. மேசை, நாற்காலி, நஃப்தாலி, மூன்றையும் சுற்றிக் கல் அடுக்கினாள். கெடாமு எடுத்துக் கொடுத்தான். நான் அடுக்கியதுபோல அல்ல, கச்சிதமான வட்டம்.

"என்னம்மா பண்றீங்க?"

"வட்டம் போடறேன் ஐயா."

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க மேல எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ஏழு நாள் உள்ளயே இருங்க. இன்ஜெரா ரொட்டி சுட்டுக் கொண்டாந்து தொடாம தள்ளி விடறேன். தண்ணியும் தரேன், நீங்க குடுத்த மாதிரியே."

வாசலில் ஸோஹ்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பதிவேடு அலமாரியில் இருந்தது. அலமாரி வட்டத்துக்கு வெளியே. அவள் பெயரை எழுதவேண்டும் என்றாலும், காவலரைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளவேண்டும் என்றாலும், நஃப்தாலி கல்லைத் தாண்டியாக வேண்டும். முட்டை அளவுக் கல்தான். தாண்டினால், சட்டத்தின் பெயரால் முழுக்குக் கேட்டவரே சட்டத்தை மிதித்ததாக ஆகிவிடும். தாண்டாமல் நின்றால், அவள் சட்டமும் தன் சட்டமும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு சந்தேகம் ஏது?

நஃப்தாலி எழுந்தார். கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காலைத் தூக்கினார்.

7

இருபது வருடமாக இந்த மாதிரி இடத்தில்தான் கதையை நிறுத்திப் பிழைத்திருக்கிறேன். இந்தத் தடவை பத்திரிகை விற்பதற்காக நிறுத்தவில்லை. இதே கற்களுக்கு முன்னால் நானும் ஒருநாள் காலைத் தூக்கினேன். யோசிக்கவே இல்லை. அப்படிப்பட்டவன் இன்னொருவன் காலை எங்கே இறக்குவது என்று எழுத என்ன யோக்கியதை?

அஸ்னாக்கு இன்னும் மண்டியிட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் அந்தரத்தில் நிற்கிறது. கறுப்பு ஷூ, நன்றாகத் துடைத்தது.

கொஞ்சம் குனிந்து பாருங்கள். உங்கள் அளவுதான்.