கையெட்டும் தூரம்

ஞானசுந்தரத்தைக் குளிப்பாட்டியபோது அந்த அறையில் இருந்தவர்கள்: மனைவி குணேஸ்வரி, மகள் ஆதிரை, தம்பி கார்த்திகன், இறுதிச் சடங்கு நிலையத்துப் பெண் ஒருத்தி, கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவருடைய ஜெர்மன் நண்பர் பீலிக்ஸ். செத்தவரையும் சேர்த்தால் ஆறு பேர்.

ஈரத் துணியோடு அண்ணனின் இடுப்புக்குப் போன கார்த்திகனின் கை நின்றது.

"அண்ணி, அரைஞாண்கொடியிலை என்னவோ கட்டிக் கிடக்கு."

"துவக்கு அலுமாரித் திறப்பு" என்றாள் அம்மா. "குளிக்கேக்கையும் கழட்டமாட்டார்."

"இதோடையே மேலை போகப் பாத்திருக்கிறார் மனுசன்."

அம்மா முடிச்சை அவிழ்த்து, ஈரம் சொட்டும் துப்பாக்கி அலுமாரிச் சாவியை ஆதிரையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழர்களுக்கு அப்பா ஒரு பகிடி. சைவக்காரன், முட்டைகூடத் தொடமாட்டான், ஆனால் வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கிறான். கோயிலில் அன்னதானப் பந்தியில் யாராவது ஒருவன் "அண்ணை, மான் பிரட்டல் இல்லையோ?" என்று கேட்காமல் விடமாட்டான். அப்பா ஒருநாளும் காட்டுக்குள் போய் மானைத் தேடிச் சுட்டதில்லை. நகரத்துக்கு வடக்கே பீலிக்ஸ் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டுக்கு நடுவே ஒரு நெடுஞ்சாலை. கார் மோதி, செத்தும் சாகாமலும் கிடக்கிற மானுக்குப் பொலிஸ் கூப்பிடுகிற ஆள் அப்பா. ரைபிள் அதற்குச் சரிவராது. குண்டு ஊடுருவிப்போய்க் கல்லில் பட்டுத் தெறிக்கும். ரிவால்வர்தான். கையெட்டும் தூரத்துக்குப் போகவேண்டும். பின்பக்கமாகப் போகவேண்டும், அது ஆளைக் காணக்கூடாது. ஒரே குண்டு.

ஆதிரையையும் படிக்கவைத்து லைசென்ஸ் எடுக்கவைத்தார். ரிவால்வரை இரண்டு பேரின் பெயரிலும் பதிந்தார். முதல் தடவை கூட்டிப்போனபோது அவளுடைய விரல் இறுகிப்போய்விட்டது. மான் திரும்பி அவளையே பார்த்தது. அப்பா பின்னால் வந்து, அவள் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். மேட்டுக்கு ஏறி வந்ததும் பீலிக்ஸிடம், "பிள்ளைதான் சுட்டது" என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். கோயிலிலும் சொன்னார். அவளிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு அவளைக் கூட்டிப்போகவுமில்லை.

அம்மாவின் கைப்பைக்குள் அப்பாவின் போன் அடித்தது.

அம்மா எடுத்தாள், கேட்டாள், ஆதிரையிடம் நீட்டினாள். பொலிஸ். பெண் மான், முதுகு முறிந்திருக்கிறது, மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஹெர் ஞானசுந்தரம் வர முடியுமா?

"ஏலாது எண்டு சொல்லு" என்றான் கார்த்திகன். "செத்தவீட்டுத் துடக்கோடை உயிரெடுக்கப் போறதோ? பீலிக்ஸ் போகட்டும்."

பீலிக்ஸ் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அறுவை செய்த கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது.

"பொலிஸிட்டைத் துவக்கு இல்லையே?" என்றான் கார்த்திகன்.

"அவங்கள் நாலு தரம் சுட்டுக் கொல்லுவாங்கள். அவருக்கு அது பிடிக்காது" என்றாள் அம்மா. "ஒருநாளும் அவர் இந்தப் போனுக்கு மாட்டேன் எண்டு சொன்னதில்லை. அவர் கிடக்கேக்கை இவள் சொல்லுவாளோ? என்ரை பிள்ளைக்கு ஏலும். போட்டு வா, ஆதிரை. வாய்க்கரிசிக்கு முன்னம் வந்திடு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு ஏலாது என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு கணம் இருந்தது. சொன்னால் மேசையில் கிடக்கிறவர் பொய்யராகிவிடுவார், அதுவும் துடைத்து முடிப்பதற்குள்.

"ஓம்" என்றாள்.

வீட்டுக்குப் போய் ரிவால்வரை எடுத்துக்கொண்டு, பீலிக்ஸையும் ஏற்றி, அவளே காரை ஓட்டினாள். சாலையோரம் நீல விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பொலிஸ்காரன் கையால் திசை காட்டினான். பள்ளம் சறுக்கலாக இருந்ததால் பீலிக்ஸ் மேட்டிலேயே நின்றுவிட்டார்.

மான் ஒரு மரத்தடியில் கிடந்தது. முன்னங்கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஆதிரை சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். சுள்ளி முறிந்தது. அது தலையைத் திருப்பிவிட்டது. அவள் ரிவால்வரை உயர்த்தினாள். விரல் இறுகியது. அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

முழங்காலில் இருந்தாள். "செத்துப்போ" என்றாள் தமிழில். "கெதியாச் செத்துப்போ." அது உடனே சாகவில்லை. வாயில் நுரை கட்டிக் கட்டி உடைந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுட்டிருந்தால் இது எதுவும் அதற்கு நேர்ந்திராது. கடைசியில் முன்னங்கால்கள் நின்றன. விலாவும் நின்றது.

மேலேயிருந்து பீலிக்ஸ் கூப்பிட்டார்: "ஆதிரை?"

அவள் எழுந்து, செத்த மானின் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டாள். இந்தத் தடவை விரல் இறுகவில்லை.

பொலிஸ்காரன் மானை இழுத்து மேட்டில் போட்டான். பீலிக்ஸ் குனிந்து நல்ல கண்ணால் காயத்தைப் பார்த்தார். இரத்தம் வரவில்லை என்றே சொல்லலாம். விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கொப்பை ஒடித்து மானின் வாயில் வைத்தார். இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கம் அது, கடைசிக் கவளம். அப்பா அதை வாய்க்கரிசி என்பார்.

"ஒரே குண்டு" என்றார் பீலிக்ஸ், அவளைப் பார்க்காமல். "அப்பாவைப் போலவே."

"அப்படியானால் இனிமேல் கூப்பிட உங்கள் நம்பரை எழுதிக்கொள்கிறேன்" என்றான் பொலிஸ்காரன். அவள் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அப்பாவுக்கு வேட்டி கட்டி, திருநீறு பூசிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"முடிஞ்சுதோ?" என்றாள் அம்மா.

பீலிக்ஸ் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியே, கார்த்திகன்?" அம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஏதோ ஒரு வெளிச்சம். "நான் சொன்னனான்." பிறகு ஆதிரையின் தோளைத் தடவினாள். "லைப்சிக் நகரத்திலை கிடைச்ச வேலைக்குப் போறதைப் பிறகு பாப்பம். இஞ்சை ஆளில்லாமல் விட ஏலாதுதானே."

ஆதிரை ஒரு பிடி அரிசி எடுத்தாள். விரல்களில் வெடிமருந்து மணந்தது. அப்பாவின் உதடுகளை நிலையத்துக்காரர்கள் உள்ளே ஒட்டியிருந்தார்கள். அரிசி உள்ளே போகவில்லை. வாயோரத்தில் நின்று கழுத்துக்குள் உருண்டது. அவள் குனிந்தாள். ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள் என்று கேட்கவேண்டும் போலிருந்தது. அம்மா அழத் தொடங்கினாள்.

தகன நாள் கிடைக்கும்வரை குளிரறைதான் என்று நிலையத்துப் பெண் மெதுவாகச் சொன்னாள். கார்த்திகன் மூடியை வைத்தான். அந்தப் பெண் பெட்டியைச் சில்லுகளில் உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். தனியே வெளியே வந்தாள். இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தி, பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.