பித்தளைப் பூ ஆணி

காலைக் கறவை முடிந்தபோது பட்டத்தரசியின் வாளி பாதிகூட நிறையவில்லை. பசு ஒரு பின்னங்காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு மற்ற மூன்றில் நின்றது. பால் சங்கத் தலைவர் வாளியைப் பார்த்தார், பசுவின் முகத்தைப் பார்த்தார், சுவரில் மின்னிய 'முன்மாதிரித் தொழுவம்' பலகையைப் பார்த்தார். கீழே மட்டும் பார்க்கவில்லை. தலைவரான பிறகு அவருடைய கழுத்து அந்தப் பக்கம் வளைவதில்லை.

மூன்று வாரமாக இதே கதைதான். தாதுப்பொடி மூன்று விதம் கொடுத்தாயிற்று. பசியைத் தூண்டும் மருந்து ஊற்றியாயிற்று. வெக்கையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, மின்விசிறியும் மாட்டியாயிற்று. அது பலகையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. காலைத் தூக்கிப் பார்க்க வேண்டுமானால் சாணத்தில் குந்த வேண்டும். குந்தினால் கால்சட்டையின் மடிப்பு கலையும்.

"அந்தக் குளம்புக்காரியக் கூப்பிடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது," என்றாள் மனைவி.

அங்கேதான் சிக்கல். மாட்டுக் குளம்பைச் சீவிச் சீர்செய்யும் அந்தப் பெண் போன வருடம் சங்கக் கூட்டத்துக்கு வந்து, வருடத்துக்கு இரண்டு தடவையாவது குளம்பைக் கவனியுங்கள் என்று சொன்னாள். தலைவர் ஒலிபெருக்கியை இழுத்து, "அப்படியே நகப்பாலிஷும் போட்டு விட்டுடும்மா!" என்றார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

"அவகிட்டப் போய் நான் நிக்கணுமா? அடிமாட்டு வியாபாரிக்குச் சொல்லியாச்சு. பத்து மணிக்கு லாரி வந்துடும்."

"எட்டு வருஷம் பால் குடுத்த ஜீவன். உங்க கௌரவத்துக்காக அது கறிக்கடைக்குப் போகணுமாக்கும்!"

பட்டத்தரசி வழக்கம்போல் அவருடைய சட்டைக் கையை நக்கியது. தலைவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சரி, வரச் சொல்லு. பின்வாசல் வழியா."

ஒன்பது மணிக்குக் குளம்புக்காரி முன்வாசல் வழியாகவே, ஆரனை அழுத்தி அடித்தபடி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"பின்வாசல்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்கய்யா. அங்க சாணிக் குவியல் வழிய மறிக்குது. முன்மாதிரியெல்லாம் முன்பக்கத்தோட நின்னு போச்சு."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளும் மனைவியுமாகப் பசுவின் காலைத் தூக்கித் தொழுவத்து மரச் சட்டத்தில் கட்டினார்கள். இரட்டைக் குளம்பில் இரண்டு நுனியும் வளர்ந்து வளைந்து கிடந்தன. குறடால் நுனியை நறுக்கி, வளைகத்தியால் அடிப்பக்கத்தை ஏடு ஏடாகச் சீவியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் பிடிங்கய்யா. உதறும்."

சுற்றுமுற்றும் பார்த்தார் தலைவர். வேறு ஆண்பிள்ளை இல்லை. குந்தினார். மடிப்பு கலைந்தது.

கத்தி கருத்த புள்ளியைத் தொட்டதும் சீழ் பீறிட்டு அவர் சட்டையில் கோலம் போட்டது. அவள் குறடை நுழைத்து எதையோ பிடுங்கி, கழுவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். தலையில் பூ வேலைப்பாடு செய்த பித்தளை ஆணி.

மூவரும் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று மூலையில் பித்தளைப் பூ. நாலாவது மூலை காலி. பலகைத் திறப்பு விழாவுக்காக, இரும்பு ஆணி பார்வைக்கு நன்றாயிருக்காது என்று தலைவரே தேடி வாங்கிய ஆணிகள் அவை.

புண்ணைச் சுத்தம் செய்தவள், அது தரையில் அழுந்தாமலிருக்கப் பக்கத்து நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினாள்.

"தரை காஞ்சு இருக்கட்டும். பத்து நாள்ல வந்து பாக்கறேன். நகப்பாலிஷ் என்ன கலர் வேணுங்கய்யா?"

"போதும்மா, கொன்னுடாத," என்றார் அவர்.

கயிற்றை அவிழ்த்தார்கள். பட்டத்தரசி காலை மெல்ல இறக்கியது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு நாலு காலிலும் நின்று, தீவனத் தொட்டியில் முகத்தைப் புதைத்தது.

வாசலில் லாரி வந்து நின்றது. சாணமும் சீழுமாகத் தலைவரே வெளியே போனார்.

"மாடு எங்க தலைவரே?" என்றார் வியாபாரி.

"குடுக்கறதா இல்ல. மூணு வாரமா அது காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுச்சு. நான் பலகையப் பாத்துக்கிட்டு நின்னேன். உயிர வளக்கறவன் தன் பேரைப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுய்யா, குனிஞ்சு அது காலைப் பாக்கணும். தெரியலைன்னா தெரிஞ்சவங்களக் கூப்பிட வெக்கப்படக் கூடாது. சங்கக் கூட்டத்துலயும் இதைத்தான் சொல்லப் போறேன், அதே ஒலிபெருக்கியில."

"அப்ப நான் வெறும் லாரியோட திரும்பறதா?"

"ஏன் வெறும் லாரி? உள்ள ஒரு பலகை இருக்கு. ஏத்திக்கிட்டுப் போ."