பதினோராவது பந்தயம்

என் தம்பி கோல்பி ஓட்டியது மொத்தம் பதினொரு பந்தயம். கடைசிப் பந்தயத்தை அவன் முடிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், எங்கள் டாலிவர் குடும்பத்தில் ஆண்பிள்ளை நடக்கத் தொடங்குவதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட வேண்டும். தாத்தாவும் அப்பாவும் ஓட்டிய நாற்பத்தோராம் நம்பர் கார் கோல்பிக்கு வந்தது. எனக்கு ரேடியோ வந்தது. ஓட்டுகிறவனால் தலையைத் திருப்ப முடியாது. பார்வையாளர் மாடத்தின் கூரைமேல் நின்று, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. எட்டு வருடம். முதலில் அப்பாவுக்கு, பிறகு தம்பிக்கு. சலித்துப்போய்விட்டது.

மார்ச்சில் கோல்பி பந்தயப் பாதையின் சுவரில் மோதினான். ஒரே வாரத்தில் அப்பா காரைச் சரிசெய்துவிட்டார். பையனின் தலையை யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான்.

"எங்களுக்கு மண்டையில அடிபடலையா? நாங்க ஓட்டலையா?" என்றார் அப்பா. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். கோல்பி தலையாட்டினான். அந்த வீட்டில் 'முடியலை' என்று சொல்லும் முதல் ஆளாக இருக்க அவனுக்குப் பயம். நானும் வாயைத் திறக்கவில்லை, கோழை.

மே மாதம், சனிக்கிழமை மதியம். கோல்பி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னும் எத்தனை சுத்து?"

"அம்பது."

அடுத்த சுற்றிலேயே, "அக்கா, இன்னும் எத்தனை சுத்து?"

"காதுல பஞ்சா வச்சிருக்க?" என்று சிரித்தேன். மூன்றாம் முறை கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

கீழே கார்களுக்கு டயர் மாற்றும் பிட்டிலிருந்து அப்பா அதே ரேடியோவில் சீறினார். "வாய மூடிட்டு ஓட்டுடா!"

உண்மையைச் சொன்னால் அவர் விடமாட்டார். "பின் டயர்ல காத்து போகுது, கோல்பி. உள்ள வா," என்றேன்.

"பொய்! டயர் நல்லாருக்கு! வராதடா!"

கோல்பி இன்னொரு சுற்று ஓட்டினான். பிறகு பாதையிலிருந்து இறங்கி பிட்டுக்குள் வந்துவிட்டான்.

நான் கூரையிலிருந்து ஓடிவந்தபோது அப்பா நான்கு டயரையும் உதைத்துக்கொண்டிருந்தார். "கல்லு மாதிரி இருக்குடி! ஜெயிக்கிற பந்தயத்தைக் கெடுத்தியே, பாவி!"

கோல்பி தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன்.

"காத்து போனா உக்காந்த எடத்துலயே தெரியும்க்கா," என்றான் மெதுவாக. "போகலைன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டா வந்த?"

"மார்ச்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன். யாராவது கூப்பிட மாட்டீங்களான்னு."