ஆந்தையின் கழுத்து

கல்யாணமாகிப் பதினோரு மாதம். இதுவரை அவள் கணவன் அவளை நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை பேசியிருப்பானா என்பதே சந்தேகம். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தாலும் அவன் தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். கடைக்குப் போனாலும் அதே கதைதான். யாரையோ தேடுகிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகு, தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினாள். கட்டிலுக்கு அடியில் துணிமணியை அடுக்கிய பெட்டி தயாராக இருந்தது. அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வருகிற உத்தேசமில்லை.

கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் அவன். முழங்கால் போன பிறகு நடந்த கல்யாணம் என்பதால், அவன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. பழைய கிளப் அவனுக்காக ஒரு வழியனுப்பு ஆட்டம் வைத்தபோது, நாத்தனார்தான் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் களத்தில் இறங்கியதும் அரங்கமே "ஆந்தை, ஆந்தை" என்று கூவியது.

"என்னக்கா, திட்றாங்களா?"

"கொஞ்சறாங்கடி. பந்தை விட்டுட்டு அவன் கழுத்தை மட்டும் பாரு."

பார்த்தாள். பந்து எங்கோ இருக்கும்போதே அவன் தலை இடத்தோளுக்கு மேல் ஒரு தரம், வலத்தோளுக்கு மேல் ஒரு தரம் திரும்பியது. வீட்டில் பார்க்கிற அதே திருப்பல்.

"பந்து காலுக்கு வந்தப்புறம் பார்த்தா லேட்டு. பின்னாடி யாரு, எங்க காலியா இருக்கு, எல்லாத்தையும் முன்னாடியே மனசுல வாங்கிக்குவான். பதினாறு வருஷமா இதான் பொழைப்பு. கோல் போட்டவனுக்கு போட்டோ, இவனுக்குக் கழுத்து வலி."

பந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்தான். அவள் கணவன் ஏறிட்டும் பார்க்காமல் பாதத்தை லேசாகச் சாய்த்து, யாருமே இல்லாத புல்தரைக்குப் பந்தைத் தள்ளிவிட்டான். போச்சு என்று நினைத்தாள். அதே நொடியில் அந்த வெற்றிடத்துக்குள் அவன் அணிப் பையன் ஒருவன், சொல்லிவைத்த மாதிரி ஓடி வந்து சேர்ந்தான்.

"ரொம்ப நாள் கூட ஆடினவனாக்கா?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கிறான்."

அத்தனை பேரின் ஓட்டமும் அந்த ஒரு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு மனிதனோடா இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தோம்?

மாலையில் அவன் சமையலறை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவள் வெறுங்காலோடு சத்தமில்லாமல் உள்ளே வந்து ஒரு நாற்காலியைத் தொட்டாள்.

"அது வேணாம், கால் ஆடுது," என்றான், திரும்பாமலே.

"நான் எப்படி இருக்கேன், சொல்லுங்க பார்ப்போம்."

"பச்சைச் சட்டை. இடது கையில பட்டன் இல்ல. மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல." ஐஸ் பையை முழங்காலில் நகர்த்தி வைத்தான். "அந்தப் பெட்டியில ஜிப் சரியில்ல. கிளம்பறதா இருந்தா என் பையை எடுத்துக்க."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பரண்லேர்ந்து நீ அதை இறக்கின அன்னிக்கே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"பந்து உன்கிட்ட இருந்துது. நீ தர்றதுக்கு வாகா பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்."

உண்மைதான். துணி உலர்த்தினால் கிளிப்போடு வந்து நிற்பான். பாத்திரம் துலக்கினால் துடைக்கிற துணியோடு நிற்பான். சும்மா குறுக்கே நிற்கிறான் என்றுதான் எரிந்து விழுந்திருக்கிறாள்.

"எல்லாம் சரி. எனக்கு முதுகுல கண்ணு இல்லையே. நீங்க பார்க்கறது எனக்கு எப்படித் தெரியும்? திரும்புங்க."

ஐஸ் பை தரையில் விழுந்தது. அவன் நாற்காலியோடு முழுசாகத் திரும்பி, கழுத்தைத் துளியும் அசைக்காமல் அவளையே பார்த்தான். கடைசியில் அவள்தான் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.