இடிக்கு இன்னொரு டேக்

'இடி' என்று ஊரே பட்டம் கட்டிய பாடகர் தொண்டையைத் திறந்தால் மூன்றாவது தெருவில் பால் திரிந்துவிடும் என்பார்கள். சுத்தப் பொய். திரிந்தது இரண்டாவது தெருவில்தான். மேடையில் ராக் பாட்டு, நடுநடுவே சினிமாவில் வில்லன், அண்ணன், இடைவேளைக்குள் செத்துப்போகிற போலீஸ் என்று முப்பது வருடம் ஓடிய மனிதர். அவர் கிட்டாரைத் தோளில் மாட்டும்போதே மயங்கி விழுபவர்களை அள்ளிப்போட மைதானத்துக்கு வெளியே லாரி நிற்கும். பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தது அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இடியின் முகத்தை ஊரே அறியும்; முதுகை அறிந்தவர் மச்சான் ஒருவர்தான்.

அதனால் விஷயம் முதலில் அவருக்கே தெரிந்தது. சில வருடங்களாக, அவருடைய பேர்போன பாட்டின் உச்சி வரி வந்ததும் இடி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். கூட்டம் அதைப் பாடி வானத்தைக் கிழிக்கும். ரசிகர்கள்மேல் எவ்வளவு பாசம் என்று பத்திரிகைகள் உருகின. பாசமாவது பருப்பாவது! நீட்டுவதற்கு முன் இடியின் முதுகு ஒரு கணம் விறைக்கும். தொண்டை கைவிடுகிறது என்று அர்த்தம். மச்சான் தாளத்தை ஓங்கிப் போட்டு மூடிவிடுவார். இதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததே இல்லை.

கடைசியில் டாக்டர் திறந்தார்: குரல் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டுவிட்டு வந்த இடி, அன்றைய ஷூட்டிங்குக்குப் போகும் வழியில் காரில் சொன்னார்.

"மச்சான், இன்னைக்குப் படத்துல அந்த வரி வந்துட்டா அடுத்த மாசம் டூர் போறோம். வரலைன்னா கடையைக் கட்டிடலாம்."

"டேப்பைப் போட்டு உதட்டை அசைச்சிட்டுப் போலாமே மாப்ள?"

"உதட்டை அசைக்க நான் என்ன மீனா?"

காட்சி இதுதான்: சாகக் கிடக்கும் தம்பியின் கட்டிலருகே, ஒரு பழைய பாடகன், இடியின் அதே மேடைப் பாட்டை வெறும் குரலில் பாட வேண்டும். அங்கேயே பாடி, அங்கேயே ஒலிப்பதிவு. இடியே அடம்பிடித்து வாங்கிய ஏற்பாடு. ஒட்டுப்பலகையில் ஆஸ்பத்திரி எழுப்பியிருந்தார்கள். உதவி இயக்குநர் ஒரு முழம் மீசையை முறுக்கிக்கொண்டு சுற்றிவந்தார். "எவனாவது மூச்சு விட்டான், அப்புறம் விட மூச்சே இருக்காது!"

மச்சான் கேமராவுக்குப் பின்னால், கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்தார். மடியில் கைகள் சும்மா கிடந்தன.

இடி பாடினார். கரகரப்பு இருந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது. குரல் படிப்படியாக ஏறியது. பலகைச் சுவர்கூடக் காது கொடுத்தது. உச்சி வரி வந்தது.

முதுகு விறைத்தது.

மூடுவதற்கு டிரம்ஸ் இல்லை. இடியின் கை, பழக்கதோஷத்தில், இல்லாத மைக்கைப் பிடித்தபடி முன்னால் நீண்டது. அங்கே நின்ற லைட்காரர்களில் அந்த வரி தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒருவருக்கு உதடு பிரிந்தேவிட்டது. மீசையைப் பார்த்து மூடிக்கொண்டார். மச்சானும் வாயைத் திறந்தார். வாழ்நாளில் பாடியிராத வாயில் காற்றுதான் வந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. யாரும் பாடவில்லை.

"கட்!" இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், பேப்பர்லயே இல்லாததை எங்கேருந்து சார் பிடிச்சீங்க? அந்தக் கை! அந்த மௌனம்! கொன்னுட்டீங்க சார்! அப்படியே குளோசப்ல ஒண்ணு போயிடலாம்."

போனார்கள். பிறகு கட்டில் பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு கை மட்டும். முதல் தடவை இடி பாடத்தான் முயன்றார். அடுத்தடுத்த தடவைகளில் முயலவே இல்லை. சரியான இடத்தில் நிறுத்தி, சரியான உயரத்தில் கையை நீட்டினார்.

"கை ஃபிரேமுக்குள்ள இருக்கா? கொஞ்சம் எறக்கட்டுமா?" என்று கேமராக்காரரிடம் கேட்டார். மச்சானால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. வெளியே போய், ஜெனரேட்டர் இரைச்சலின் மறைவில், ஆறு ஓடுகிற மாதிரி அழுதார்.

லைட் மாற்றும் இடைவெளியில் இடியும் வந்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"வந்துச்சாங்க?"

"இல்லம்மா. இனிமே வராது."

"போகட்டும். இனிமேலாவது வீட்ல கத்தாம பேசுவீங்க" என்றவளுக்குக் கடைசிச் சொல் உடைந்துவிட்டது.

இடி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. கன்னமெல்லாம் நனைந்தது.

"சார், ஷாட் ரெடி!"

மேக்கப்காரர் பஞ்சோடு ஓடிவந்தார். முகத்தைப் பார்த்துப் பதறினார். "ஐயோ சார், முந்தின ஷாட்ல அழுகையே இல்லையே! கன்டினியூட்டி போயிடும் சார்."

"ஆமாப்பா, போயிடும். தொடச்சுடு" என்று இடி கண்ணை மூடி முகத்தைக் காட்டினார். மேக்கப்காரர் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.